எல்4-எல்5 பல்ஜ்: பெல்ட், டிராக்‌ஷன், மாத்திரை எல்லாம் பார்த்தும் தீராத இடுப்பு வலி

நொய்யல்கரை கேட்டது:

அக்காவுக்கு வயது 38. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். 8 மாதமாக இடுப்பு வலி. நடு இடுப்பில் தொடங்கி வலது புட்டம் வரை வருகிறது, சில நாள் பின்தொடையிலும் இழுக்கிறது. முழங்காலுக்குக் கீழே இறங்கியதில்லை. 45 நிமிடம் உட்கார்ந்தால் கூடுகிறது, எழுந்து நடந்தால் குறைகிறது. காலையில் எழும்போது 10, 15 நிமிடம் பிடிப்பு. காய்ச்சல், எடை குறைவு இல்லை. சிறுநீர், மலம் போவதில் மாற்றம் இல்லை. சர்க்கரை, பிரஷர் இல்லை.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் இருப்பது: எல்4-எல்5 (இடுப்பின் 4, 5-ஆவது முள்ளெலும்புகளுக்கு இடையில்) டிஸ்க் டெசிகேஷன், டிஃப்யூஸ் பல்ஜ், திக்கல் சாக் (நரம்புகளைச் சுற்றியுள்ள உறை) மீது லேசான அழுத்தம். எல்5-எஸ்1-இல் சிறிய ஆனுலர் டேர் (டிஸ்க்கின் வெளி நாரில் கீறல்). நரம்பு வேர் நசுங்கியதாக எழுதவில்லை.

இதுவரை செய்தது: லம்பார் பெல்ட் நாள் முழுக்க. அசெக்ளோஃபெனாக்-பாராசிட்டமால் கூட்டு மாத்திரை விட்டு விட்டு. நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் 75 மி.கி. (மெத்தில்கோபாலமின், அதாவது பி12 சேர்ந்தது) தினமும் இரவு ஒன்று. பிசியோ சென்டரில் 10 சிட்டிங் கரண்ட், இடுப்பை இழுத்துவிடும் டிராக்‌ஷன். போன அன்று நன்றாக இருக்கும், இரண்டாம் நாள் பழையபடி.

ஒரு இடத்தில் "குனியவே கூடாது, தரையில் உட்காரவே கூடாது" என்றார்கள். இன்னொரு இடத்தில் ஆபரேஷன் செய்தால்தான் தீரும் என்றார்கள். இரண்டு பிரசவமும் சிசேரியன். அப்போது முதுகுத்தண்டில் போட்ட ஊசிதான் காரணம் என்பது வீட்டுப் பெரியவர்கள் கருத்து. கேள்விகள்: ஆபரேஷன் தேவையா? பெல்ட்டைத் தொடரலாமா? எந்தப் பயிற்சி, எவ்வளவு? மறுபடி ஒன்றரை ஷிப்ட் போக முடியுமா?

இயன்முறை பதில்:

நீங்கள் எழுதியிருக்கும் விவரம் போதுமான அளவு தெளிவாக இருக்கிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் அந்த ரிப்போர்ட். "டெசிகேஷன்" என்றால் வட்டில் (டிஸ்க்கில்) நீர்ச்சத்து குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். "பல்ஜ்" என்றால் வட்டின் விளிம்பு சற்றுப் புடைத்திருக்கிறது. நழுவி வெளியே வந்துவிட்டது என்று பொருள் இல்லை. முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2015-இல் ஒரு தொகுப்பு வந்தது. 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானமும், 50 சதவீதம் பேருக்கு பல்ஜும் இருந்தன. ஆனுலர் டேர் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. உங்கள் அக்காவின் ரிப்போர்ட்டை அப்படியே தெருவில் நல்லபடியாக நடந்துபோகும் ஒருவருக்கு மாற்றி எழுதினாலும் பொருந்தும். வட்டு சுத்தமாக வலிக்குச் சம்பந்தம் இல்லாதது என்று சொல்லவில்லை. உட்கார்ந்தால் கூடி நடந்தால் குறைகிற வலியில் வட்டுக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் ஸ்கேனில் தெரிகிற மாற்றத்தின் அளவை வைத்து வலியின் அளவைச் சொல்ல முடியாது. ஸ்கேன் மாறாமலேயே வலி குறையும். அதைத்தான் நாம் குறி வைக்க வேண்டும்.

12 வாரத்தைத் தாண்டிய வலியில் வேறு சில சங்கதிகள் சேர்ந்துகொள்கின்றன. வலிக்குப் பயந்து முதுகுத் தசைகள் எந்நேரமும் இறுகிக் காவல் நிற்கும். குனிவதற்கு முன்பே மூச்சைப் பிடிப்பார்கள். அசைவு குறையக் குறையத் தசையின் தாங்குதிறன் இறங்கும். நரம்பு மண்டலம் சின்ன உறுத்தலையும் பெரிதாக எடுத்துக்கொள்ளப் பழகிவிடும். தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். இவை எதற்கும் கரண்ட் வைப்பதில் மருந்து இல்லை. அதனால்தான் இரண்டாம் நாள் பழையபடி ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ் (தோல் வழியாகக் கொடுக்கும் மின் தூண்டல்), இடுப்பு பெல்ட் இவை வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது. உடற்பயிற்சி, நோயைப் புரியவைத்தல், மனநலம் சார்ந்த சிகிச்சை, மசாஜ் போன்றவை பரிந்துரைப் பட்டியலில் இருக்கின்றன.

பெல்ட்: உடனே தூக்கி எறியச் சொல்லமாட்டேன். பெல்ட் போட்டால் தசை கரைந்துவிடும் என்று பயமுறுத்துவதும் மிகைதான். பிரச்சினை, அது இல்லாமல் தன் இடுப்பு நிற்காது என்ற எண்ணம் வேரூன்றிவிடுவது. முதல் வாரம் வீட்டில் கழற்றட்டும். அடுத்த வாரம் வேலையில் முதல் இரண்டு மணி நேரம் இல்லாமல். இப்படி 3, 4 வாரத்தில் பயணத்துக்கும் அதிக வேலை நாளுக்கும் மட்டும் என்று கொண்டுவந்து, பிறகு நிறுத்திவிடலாம்.

இனி பயிற்சி. உட்கார்ந்தால் கூடும், நடந்தால் குறையும் என்பதால் முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பாயில் குப்புறப் படுத்து 2 நிமிடம். பிறகு முழங்கைகளை ஊன்றி 2 நிமிடம். பிறகு உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பைத் தரையிலிருந்து எடுக்காமல் மார்பை மட்டும் மேலே தள்ளி இறக்குவது, 10 தடவை. புட்டத்தைத் தளர்வாக விட வேண்டும். முடித்தபின் தொடையில் இருந்த இழுப்பு மேலே ஏறி நடு இடுப்புக்கு வந்தால், நடு இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் நல்ல அறிகுறி. இதையே ஒரு நாளைக்கு 4, 5 முறை செய்யலாம், வேலையிடத்தில் நின்றபடி இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளைந்தும் செய்யலாம். மாறாக வலி கீழ்நோக்கிக் கெண்டைக்காலுக்கு இறங்கினால் அந்தப் பயிற்சி அவருக்கானது அல்ல, நிறுத்திவிட வேண்டும்.

அடுத்து தாங்குதிறன். மூன்று பயிற்சிகள், தினமும்:

மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் இடுப்பு வளைவுக்கு அடியில் வைத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து ஒரு விரற்கடை மட்டும் உயர்த்துவது. பெரும்பாலானோர் தாடையை மார்பில் முட்டவைத்து முழு சிட்-அப் ஆக்கிவிடுவார்கள். அது வேண்டாம்.

ஒருக்களித்துப் படுத்து, முழங்கையும் முழங்காலும் ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. இரண்டு பக்கமும். தோள் காதருகே ஏறினால் கழுத்து வலிக்கும், தோளைக் கீழே இழுத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தை தவழ்கிற நிலையில் வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டுவது, பிறகு மாற்றி. இதில்தான் தவறு அதிகம். காலை இடுப்பு மட்டத்துக்கு மேலே தூக்கினால் கீழ்முதுகு உள்வளைந்து இடுப்பு ஒரு பக்கம் திரும்பிவிடும். பிளாஸ்டிக் டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி இடுப்பின் மேல் வையுங்கள். சிந்தாத உயரம் எதுவோ அதுதான் அவருக்குச் சரியான உயரம். ஆரம்பத்தில் கால் தரையைவிட்டு நாலு விரல் எழும்பினாலே போதும்.

ஒவ்வொன்றிலும் 10 வினாடி பிடித்து விடுவது. முதல் சுற்று 6 தடவை, 30 வினாடி இடைவெளி, பிறகு 4, பிறகு 2. மூச்சை அடக்கக் கூடாது. 10 வினாடி என்பதை 30 ஆக்க வேண்டியதில்லை, எண்ணிக்கையைக் கூட்டினால் போதும்.

நடைக்கும் கணக்கு உண்டு. வலி கூடாமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று பாருங்கள். 15 நிமிடம் என்றால் 12-இல் தொடங்கட்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை 2 நிமிடம் கூட்டி, வாரம் 5 நாள் 30 நிமிடம் வரை. 2024-இல் லான்செட்டில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகு வலி வந்து தேறியவர்களில் இப்படிப் படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு அடுத்த முறை வலி வர எடுத்த காலம் நடுவளவாக 208 நாள், மற்றவர்களுக்கு 112 நாள். செலவில்லாத சிகிச்சைக்கு இது பெரிய வித்தியாசம்.

ஒரே விதியை மட்டும் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்: செய்யும்போது 10-க்கு 4 வரை வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் வழக்கமான அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் முந்தைய படிக்கு இறங்குவது, முழுதாக நிறுத்துவது அல்ல. வலி இல்லாத ஞாயிற்றுக்கிழமை வாரத்துணி முழுக்கத் துவைத்து, வீட்டை ஒட்டடை அடித்து, திங்கள், செவ்வாய் படுத்துவிடுவது என்ற சுழற்சிதான் பலரை வருடக்கணக்கில் இழுத்தடிக்கிறது.

ஓபி_நேரம் பதில்:

இயன்முறை மேடம் எழுதியதோடு உடன்படுகிறேன். மருந்து, ஆபரேஷன், ஊசி மூன்றுக்கும் நான் சொல்கிறேன்.

ஆபரேஷன்: இப்போது உள்ள விவரப்படி தேவையில்லை. வட்டு அறுவை சிகிச்சை என்பது காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு, அதுவும் ஸ்கேனில் அழுத்தப்படும் நரம்பும் காலில் வலிக்கும் இடமும் பொருந்தி, வாரக்கணக்கில் மற்ற சிகிச்சை பார்த்தும் தாங்க முடியாதபோது. அல்லது காலில் பலவீனம் கூடிக்கொண்டே போகும்போது. இடுப்பில் மட்டும் உள்ள வலிக்கு வட்டை எடுத்தால் வலி போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. இன்னொன்று, உண்மையாகவே பிதுங்கி வெளியே வந்த வட்டுகள்கூடப் பெரும்பாலும் மாதங்கள் போகப்போகத் தானாகச் சுருங்கிவிடும். உடலே அதை அரித்துக் கரைத்துவிடுகிறது. எபிடியூரல் (முதுகுத்தண்டில் நரம்பு உறைக்கு வெளியே போடும்) ஸ்டீராய்டு ஊசியும் கால் வலிக்குத்தான், அதுவும் தற்காலிகமாக.

ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் முட்டியும் வராமல் இருப்பது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாமை, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களும் தளர்வது: இது அன்றே, இரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவு. சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை இறங்குவது, படுத்தாலும் குறையாத வலி: நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயை மறக்கவே கூடாது, அதற்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும். புற்றுநோய் வந்து தேறியவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், விழுந்து அடிபட்டவர்கள் எல்லாம் தனிக் கணக்கு.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. 40 வயதுக்குள் மெல்ல மெல்லத் தொடங்கி, காலைப் பிடிப்பு அரை மணிக்கு மேல் நீடித்து, ஓய்வில் கூடி, நடமாடினால் குறைந்து, பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கிற வலி என்றால் அது முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். வலது புட்டம், இடது புட்டம் என்று மாறி மாறி வலிக்கும், கண் சிவந்து வலிக்கும், சிலருக்குச் சோரியாசிஸ் இருக்கும். இவர்கள் வாத நோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். சாதாரண முதுகு வலி என்று நினைத்தே வருடங்களைக் கழித்துவிடுகிறார்கள். உங்கள் அக்காவுக்கு 10, 15 நிமிடத்தில் பிடிப்பு விடுகிறது, இரவில் எழுப்புவதாக நீங்கள் சொல்லவில்லை. இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

ப்ரீகாபலின்: முழங்காலுக்குக் கீழே இறங்காத, மரத்துப்போகாத வலியில் இதற்கு வேலையில்லை. சயாட்டிகா எனும் காலுக்கு இறங்கும் நரம்பு வலியிலேயே இது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2017-இல் ஆய்வு வந்துவிட்டது. பகல் தூக்கம், தலைசுற்றல், எடை கூடுதல், கால் வீக்கம் எல்லாம் வரும். பவர் மிஷினில் விரலுக்கு அருகே ஊசி ஓடுகிற வேலையில் அந்த அசதி ஆபத்து. ஆனால் இன்றிரவே நிறுத்தக் கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லி, குறைந்தது ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பி12 குறைவு என்று பரிசோதனையில் வந்தால் அதைத் தனியாகச் சரிசெய்யலாம்.

அசெக்ளோஃபெனாக்: வலி கூடும் சில நாளுக்கு, சாப்பிட்ட பிறகு, 100 மி.கி. காலையும் இரவும் என்பது பெரியவர்களுக்கு வழக்கமான அளவு. இது உடலுக்குள் போய் ஒரு பகுதி டைக்ளோஃபெனாக் ஆகத்தான் மாறுகிறது. எனவே இதைச் சாப்பிட்டுக்கொண்டே மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் ஊசியும் போட்டுக்கொள்வது ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவது. கூட்டு மாத்திரையில் பாராசிட்டமாலும் இருப்பதால் தலைவலிக்கு என்று தனியாக ஒன்று போடும்போது கணக்கு வைக்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள், பிரஷருக்கு மாத்திரையும் நீர் மாத்திரையும் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மாதக்கணக்கில் விட்டு விட்டுச் சாப்பிட்டிருந்தால் ஒரு கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். வலி மாத்திரையின் வேலை, பயிற்சி செய்ய இடம் கொடுப்பது. மாத்திரை போட்டு ஒன்றரை ஷிப்டை ஓட்டுவதற்கு அல்ல.

முதுகில் போட்ட ஊசி: ஓபியில் இதைக் கேட்காத பெண்களே இல்லை. ஊசி குத்திய இடம் சில நாள் நோகும், உண்மை. ஆனால் பிரசவத்தில் எபிடியூரல் போட்டவர்களையும் போடாதவர்களையும் வைத்து நீண்டகாலம் கவனித்த ஆய்வுகளில் இரு தரப்பிலும் முதுகு வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. முதுகு வலி வருவது கர்ப்பத்தாலும், அதற்குப் பிறகு வயிற்றுத் தசையும் இடுப்புத் தசையும் பழைய பலத்துக்கு வராமலே பிள்ளை தூக்குவது, பால் கொடுக்கக் குனிந்தே உட்கார்வது, உடனே வேலைக்குப் போவது என்று போவதாலும். பழி ஊசியின் மேல் விழுந்துவிட்டது. வெள்ளைப்படுதலால் இடுப்பு வலி என்பதும் அதே ரகம். ஆனால் மாதவிலக்கு நாட்களில் மட்டும் இடுப்பு வலி கடுமையாகக் கூடினால் மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பது நியாயம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். குதிகாலால் 10 அடி, நுனிக்காலால் 10 அடி நடக்கட்டும். பிறகு சுவரில் விரலை மட்டும் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலை 10 முறை எம்பட்டும், இரண்டு காலிலும் தனித்தனியாக. எண்ணிக்கையை இங்கே எழுதுங்கள்.

ஐ.இ.காரன் பதில்:

வணக்கமுங்க. டாக்டரும் மேடமும் சொன்னதுக்கு மேல எனக்குத் தெரியாது. ஆனா டேபிளைப் பத்தி யாரும் பேசலையே, அதான் எழுதறேன். 45 நிமிசத்துல வலி கூடுதுன்னா அந்த 45 நிமிசம் எப்படி உக்காந்திருக்காங்கன்னு பாக்கணுமில்லீங்களா?

மொதல்ல கண்ணு. டெய்லர் முன்னால குனியறது முக்கால்வாசி ஊசி முனை தெரியாததாலதான். கறுப்புத் துணி, கறுப்பு நூல்னா சொல்லவே வேண்டாம். ஊசிக்குப் பக்கத்துல காந்தத்துல ஒட்டற எல்.இ.டி. லைட்டு ஒண்ணு போதும். 40-ஐ நெருங்கறாங்கன்னா கிட்டப் பார்வையையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. கண்ணாடி போட்ட அன்னைக்கே முதுகு நிமிர்றதைப் பாக்கலாம்.

அப்புறம் டேபிள் உயரம். உக்காந்து, தோளைத் தளர விட்டு, முழங்கையை மடக்கினா டேபிள் பரப்பு முழங்கையை விட 5 செ.மீ. போல மேல இருக்கணும். பெரும்பாலான லைன்ல எல்லா டேபிளும் ஒரே உயரத்துலதான் நிக்கும், குட்டையா இருக்கறவங்களும் நெட்டையா இருக்கறவங்களும் அதுலயேதான். ஸ்டாண்டு காலுல போல்ட்டைத் தளர்த்தி ஏத்தலாம், ஆனா ஒரேயடியா ஏத்தாதீங்க, 2 செ.மீ. ஏத்தி ஒரு வாரம் பாருங்க. டேபிளை ஏத்தினா மோட்டாருக்குப் போற பெடல் ராடையும் நீட்டணும், இல்லைன்னா பெடல் மேல தூக்கிக்கும், கணுக்கால் மடங்கி நிக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் செய்யுங்க. டேபிளைத் தன் பக்கமா கொஞ்சம் சரிச்சு வெச்சாலும் குனியறது குறையும்.

வலது புட்டத்துல வலின்னு சொன்னதால ஒண்ணு கேக்கறேன். பிரஷர் ஃபுட்டை (துணியை அமுக்கிப் பிடிக்கற பாதம்) தூக்கற முழங்கால் லிஃப்டர் எங்க இருக்குன்னு பாருங்க. அது ரொம்ப வலது பக்கம் தள்ளி இருந்தா, ஒவ்வொரு பீஸுக்கும் வலது முழங்காலை வெளிய அகட்டி இடுப்பைத் திருப்பித்தான் இடிக்கணும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல நடக்கற அசைவு அது. கால் சாதாரணமா நிக்கற இடத்துல இருந்து நாலஞ்சு விரல் தள்ளி இருக்கற மாதிரி திருகித் திருப்பி வெச்சுக்கலாம். இதுதான் காரணம்னு சத்தியம் பண்ணலீங்க, பாத்துட்டா ஒரு சந்தேகம் தீரும்.

ஸ்டூலு: முதுகு சாயற பலகை இருக்கற நாற்காலி கேளுங்க. கிடைக்கலைன்னா இடுப்பு முழங்காலை விட ரெண்டு விரல் உசரமா இருக்கற மாதிரி கெட்டியான மெத்தை. மெத்துமெத்துன்னு இருந்தா உள்ள அமுங்கிப் போயி முதுகு வளைஞ்சுக்கும். பெடல் எட்டலைன்னு ஸ்டூல் விளிம்புல உக்காரவே கூடாது, ஸ்டூலைக் கிட்டப் போடணும்.

எழுந்திரிக்கறதுதான் பீஸ் ரேட்டுல கஷ்டம். அதை பண்டலோட கட்டிவிடுங்க. பண்டல் முடிஞ்சதும் ஹெல்பர் கொண்டுவந்து வைக்கறதுக்குப் பதிலா தானே எழுந்து எடுத்துக்கறது, அப்பவே ரெண்டு தடவை பின்னால வளையறது. 20 வினாடிதான் ஆகும். டார்கெட் குறையாது, சூப்பர்வைசர் வாயும் திறக்கமாட்டாரு.

சம்பளத்துல இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கறாங்கன்னா, டாக்டர் சர்டிபிகேட் கொடுக்கற நாளுக்கு சம்பளத்துல 70 சதவீதம், வருசத்துல 91 நாள் வரைக்கும் கிடைக்கும். அதுக்கு முந்தின ஆறு மாசக் கணக்குல 78 நாளாவது சந்தா கட்டியிருக்கணும். அரை ஷிப்ட், ஒரு ஷிப்ட்னு மெல்லத் திரும்பற வரைக்கும் இது தெரிஞ்சிருந்தா நல்லது.

கற்பூரத்தைலம் பதில்:

இவ்வளவு சிக்கல் எதற்கு? எண்ணெய் போட்டு நீவிவிட்டு, சுளுக்கு எடுப்பவரிடம் ஒரு தட்டுத் தட்டினால் விலகின டிஸ்க் உள்ளே போய்விடும். கட்டாந்தரையில் பாய் போட்டு ஒரு மாதம் படுத்தால் முதுகு நேராகிவிடும்.

இயன்முறை பதில்:

நீவுவதை யாரும் தடுக்கவில்லை. எண்ணெய் மசாஜும் வெந்நீர் ஒத்தடமும் இறுகின தசையைத் தளர்த்தும், அன்றைய நடையும் பயிற்சியும் சுலபமாகும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வட்டு என்பது மேலும் கீழும் எலும்போடு நாரால் பிணைக்கப்பட்டது. கையால் தட்டி உள்ளே தள்ள முடியாது. "டக்" என்ற சத்தம் மூட்டில் வாயுக்குமிழி உருவாகும் சத்தம், எலும்பு இடத்துக்கு வந்த சத்தம் அல்ல. பயிற்சி பெற்றவர் செய்யும் அசைவு சிகிச்சை சிலருக்கு உதவும். ஆனால் காலில் மரப்பு, பலவீனம், எலும்புத் தேய்வு, காசநோய் சந்தேகம் இருக்கும்போது முதுகில் ஏறி மிதிப்பதும் திருகுவதும் கேடு.

கட்டாந்தரை விஷயத்தில் ஒரு ஆய்வே இருக்கிறது. 2003-இல் ஸ்பெயினில் 313 பேருக்குக் கெட்டியான மெத்தையையும் நடுத்தரக் கெட்டி மெத்தையையும் கொடுத்துப் பார்த்ததில், நடுத்தரம்தான் மேல். தரையில் பாயில் படுத்துப் பழகி நன்றாகத் தூக்கம் வருகிறதென்றால் மாற்ற வேண்டாம். ஒரு மாதம் படுக்கையிலேயே கிடப்பது மட்டும் எந்த மெத்தையிலும் கூடாது.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. மேடம், வீட்டு வேலை பற்றியும் சொல்லுங்கள். கூட்டுவது, தண்ணீர் தூக்குவது, தரையில் உட்கார்வது, இந்திய முறைக் கழிப்பறை. இவை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அக்கா பயந்து சாம்பாருக்குப் பருப்பு டப்பா எடுக்கக்கூடக் குனிவதில்லை.

டாக்டர் சார், சோதனை செய்தோம். குதிகால் நடை, நுனிக்கால் நடை சரி. ஒற்றைக் காலில் எம்பியது வலதில் 6. அதற்கு மேல் முடியவில்லை. இது நரம்பா?

இயன்முறை பதில்:

குனியாமல் வாழ முடியாது, குனியக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டில் உள்ள துடைப்பக் கட்டையை முதுகோடு சேர்த்துப் பிடிக்கட்டும்: பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு மூன்றிலும் கட்டை பட வேண்டும். முழங்காலை லேசாகத் தளர்த்தி, புட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியட்டும். மூன்று இடமும் விலகாமல் எவ்வளவு குனிய முடிகிறதோ அவ்வளவு. தினமும் 10 தடவை. இது கைவந்ததும் இரண்டு கைகளாலும் 3 கிலோ அரிசிப் பையை உயரமான முக்காலியிலிருந்து தூக்கி வைப்பது, பிறகு 5, பிறகு 8. முக்காலியின் உயரத்தையும் மெல்லக் குறைத்துத் தரைக்கு வரலாம். பிறகு முதுகு வளைந்து இயல்பாகக் குனிவதையும் சேர்க்க வேண்டும். ஆயுள் முழுக்கக் கட்டையாக நிற்பது நோக்கம் அல்ல.

எழுந்தவுடன் ஒரு மணி நேரம் மட்டும் ஆழக் குனிவதைத் தவிர்க்கட்டும். இரவில் வட்டு நீர் உறிஞ்சி ஊதியிருக்கும், அப்போது குனிந்தால் அழுத்தம் கூடுதல். வாசல் தெளித்துக் கோலம் போடுவதை யாராவது சில வாரம் ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது உட்காரும் மணை ஒன்றைப் போட்டுப் போடட்டும். கூட்டுவதற்கு நீளக் கைப்பிடி போட்ட துடைப்பம். தண்ணீரை ஒரே குடமாக ஒரு பக்க இடுப்பில் வைக்காமல் இரண்டு அரை வாளியாக இரு கையிலும். தரையில் சம்மணமிட்டு உட்காரும்போது புட்டத்துக்கு அடியில் நாலு விரல் கனமான மணையோ மடித்த போர்வையோ வைத்தால் இடுப்பு பின்னால் சரியாது. குந்தி உட்கார்வது தடை செய்யப்பட்டதல்ல. எழும்போதுதான் பலருக்குச் "சுளீர்" என்கிறது. கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி அடித்துவிடுங்கள். முக்கவைக்கும் மலச்சிக்கல் இருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும், முக்கும்போது வட்டின் மேல் அழுத்தம் ஏறும்.

வலி கிளம்பும் நாள் நிச்சயம் வரும். அன்று மல்லாந்து படுத்து இரண்டு கால்களையும் நாற்காலி மேல் வைத்து 10 நிமிடம், பிறகு எழுந்து வீட்டுக்குள்ளேயே 5 நிமிட நடை, இதையே மணிக்கு ஒருமுறை. மூன்று பயிற்சிகளையும் பாதி எண்ணிக்கையில். அடுத்த நாள் முக்கால். வேலைக்குத் திரும்புவது ஒரு ஷிப்ட், அதில் இரண்டு வாரம் நிலைத்தபின் கூடுதல் நேரம். ஒழுங்காகச் செய்தால் 6 முதல் 12 வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பயிற்சியை மட்டும் குறை சொல்லாமல் தூக்கம், மன உளைச்சல், டேபிள் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஓபி_நேரம் பதில்:

தம்பி, 6 என்ற எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இடது காலில் எத்தனை? வலதில் ஏன் நின்றார்? இடுப்பில் வலித்ததால் நிறுத்தினாரா, கெண்டைக்கால் எரிந்ததா, இல்லை வலியே இல்லாமல் குதிகால் எழும்ப மறுத்ததா? மூன்றாவது என்றால்தான் கெண்டைக்காலுக்குப் போகும் எஸ்1 நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரல் பக்கம், இரண்டு காலையும் பஞ்சால் தொட்டுப் பாருங்கள், ஒரே மாதிரி தெரிகிறதா என்று.

நொய்யல்கரை:

இடதில் 7 சார். இரண்டிலும் கெண்டைக்கால் எரிந்துதான் நிறுத்தினார். பஞ்சு தொட்டது இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரிகிறது. இரவில் வலியால் எழுவதில்லை என்கிறார்.

ஓபி_நேரம் பதில்:

அப்படியானால் இது பல மாதம் நடக்காமல் இருந்ததில் வந்த சோர்வுதான், நரம்பு என்று சொல்ல ஆதாரம் இல்லை. மேடம் கொடுத்த பட்டியலில் குதிகால் எம்பலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முதலில் இரண்டு காலிலும் சேர்ந்து 12 தடவை, 2 சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு வாரம் கழித்து ஒற்றைக் காலில் மறுபடி எண்ணுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் தொடருங்கள். இடது ஏறி வலது மட்டும் இறங்கினால், அல்லது இழுப்பு முழங்காலைத் தாண்டிக் கீழே வந்தால், அந்த வாரமே நேரில் காட்டுங்கள், கணுக்கால் அனிச்சையைத் தட்டிப் பார்க்க வேண்டும். போகும்போது எம்.ஆர்.ஐ. ஃபிலிமையும் எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.